கல்யாண ஊட்டுச் சைக்கிள்

மக்களே, என் சைக்கிளின் வலது கைப்பிடியில் பூட்டியிருக்கும் வட்டக் கண்ணாடியைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் உம்மாவிடம் முறையிட்டிருக்கிறீர்கள். "வாப்பாவக் கழட்டச் செல்லுங்க உம்மா. பள்ளிக்கூட வாசல்ல எல்லாரும், உங்கட வாப்பா த்ரீவீலா ஓட்டுறாரு என்டு கேக்கிறாங்க" என்று மகள் சொன்னாளாம். இனிமேல் நடந்தே வருவேன் என்று மகன் சொன்னானாம். உம்மா வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். கோபம் இல்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நான் உங்களைப் போல் படித்தவன் இல்லை.

சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் யார் எப்படிச் சைக்கிள் ஓடுகிறார்கள் என்பது தெரியும். அதைவிட நன்றாக, அவர்களுக்கு என்ன பட்டப்பெயர் என்பது தெரியும். நம் கடை வாசலில் கிடந்த நீள வாங்குப் பலகை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாலை அசர் தொழுகை முடிந்தால் அது நிறைந்துவிடும். அதன் நடுவில் உங்கள் மாமா, மீன் விற்று முடித்த பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயர் வைப்பதில் அவரை மிஞ்ச நம் நுரைச்சோலையில் ஆள் இல்லை. மகளின் சின்னச் சைக்கிளில் முழங்கால் ஹேண்டிலில் இடிக்க வருகிறவர் தவளை. சீற்றை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒட்டகம். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டுச் சைக்கிளுக்கு வந்து, பெற்றோல் கிடைத்த மறுநாளே அதைக் கோழிக்கூட்டுப் பக்கம் சாத்தியவர்கள் எல்லோரும் பெற்றோல் ஹாஜியார்கள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்து உடம்போடு ஒட்டிய உடுப்பில் கூட்டமாக ஓடுகிற பொடியன்மார் நெத்தலிகள். ஆனால் கடற்கரை ஹோட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரர்கள் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு போனால் அவர்களுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. வாங்கிலிருந்து எழும்பிப் போய் வழி சொல்லிவிட்டு வருவார்கள்.

அந்த வாங்கு வைத்த பெயர்களிலேயே அதிகம் பரவியது 'கல்யாண ஊடு'. அந்தப் பெயருக்குரியவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றிய தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு, சின்ன வயதில் தாய் தகப்பனோடு இந்தப் பக்கம் வந்தவர். அகதிகளுக்குக் கட்டிய காலனியில் வீடு. மாம்புரியில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலை. காலையில் இருட்டோடு போவார், மாலையில் வாங்கு நிறைந்திருக்கும் நேரத்தில் திரும்புவார். தலையில் மஞ்சள் பூசிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். சாரனின் ஓரத்தைத் துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்திருப்பார். மேலே, வீதி வேலை செய்கிறவர்கள் போடுகிற பளபளக்கும் மேலங்கி. சைக்கிளின் பின்னால் லொறியில் பூட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பெரிய சிவப்பு வில்லை. அதற்குக் கீழே, குருவி விரட்டத் தோட்டத்தில் கட்டுவார்களே, அந்தப் பழைய சீடித் தட்டுகள் ஒரு சரம். தூண்டில் தடி ஒன்றை நிமிர்த்திக் கட்டி அதன் நுனியில் சிவப்புத் துணி. நம் ஊர்க் காற்றில் அந்தத் துணி படபடவென்று அடிக்கும், தட்டுகள் சுழன்று வெயிலை எல்லாப் பக்கமும் எறியும். மாமா முதல் முறை அதைக் கண்டபோது, "மாப்புள வாறாரு, பந்தலையும் தூக்கிட்டு வாறாரு" என்றார். அன்றைக்கே அவருக்குக் கல்யாண வீடு என்ற பெயர் விழுந்துவிட்டது.

இது போதாதென்று அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பின்னால் லொறியோ பஸ்ஸோ வருகிறதென்றால் சைக்கிளை விட்டு இறங்கி, வீதியோர மணலுக்குள் தள்ளிக்கொண்டு போய், அது கடந்து போகும்வரை அசையாமல் நிற்பார். பிறகு ஏறுவார். அடுத்த லொறி வந்தால் மறுபடியும் இறங்குவார். "ஜனாஸா தூக்கிட்டுப் போகக்குள்ள எழும்பி நிக்கிற மாதிரி நிக்கிறாரு பாரு" என்று மாமா சொல்லுவார். இப்படி ஓடினால் சைக்கிள் எதற்கு, நடந்தே போகலாமே என்று மற்றவர்கள் சொல்லுவார்கள்.

ஆனால் ஒன்று, நானாவின் முகத்துக்கு நேரே யாரும் சிரித்ததில்லை. அவ்வளவு மரியாதை எங்களுக்கு இருந்தது. அவர் கிட்டே வரும்போது எல்லோரும் சலாம் சொல்லுவோம். அவரும் பதில் சொல்லிவிட்டுக் கடந்து போவார். போனபிறகுதான் மாமா, "பொண்ணு ஊட்டாக்களுக்கு அறிவிங்கடா, மாப்புள புறப்பட்டாச்சு" என்பார். வாங்கே ஆடும்படி சிரிப்பு. தலையில் ஹெல்மெட், எதிரே காற்று, கேட்காது என்று நினைத்தோம். அந்த நேரம் பார்த்து நானா, திரும்பாமலே இடது கையை ஒருமுறை உயர்த்திக் காட்டுவார். ஒவ்வொரு நாளும். சலாத்துக்கு இரண்டாவது தடவை பதில் சொல்கிறார் என்று நினைத்து அதற்கும் சிரித்தார்கள்.

அந்தக் கண்ணாடியைப் பூட்டிக் கொடுத்தது நான்தான். பழைய த்ரீவீலின் பக்கக் கண்ணாடி. அவரே கொண்டுவந்தார். நான் பூட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. சீற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பின்னுக்குப் போங்க தம்பி. இன்னும் போங்க. இப்ப வலது பக்கம். ஓம், இப்பதான் முழுசாத் தெரியுறீங்க" என்று என்னை வீதியோரமாக நடக்கவிட்டார். "லொறி ஓட்டினவனுக்குக் கண்ணாடி இல்லாட்டி முதுகு இல்லாத மாதிரி" என்றார். அவர் லொறி ஓட்டியவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "பிறகு செல்றேன்" என்றார்.

சொன்னது ஒரு மழை நாளில். வாங்கில் யாரும் இல்லை. செயின் அறுந்து வந்திருந்தார். நான் கோத்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே பேசத் தொடங்கினார். தேங்காய் ஏற்றிக்கொண்டு சிலாபத்திலிருந்து வந்திருக்கிறார். முந்தல் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். விடிந்தும் விடியாத நேரம். இறால் பண்ணைக்கு வேலைக்குப் போன ஒரு சிங்கள மனிதர், கறுப்புச் சைக்கிள், கறுத்த சட்டை, பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "நான் நித்திர இல்ல தம்பி. வேகம் இல்ல. வேற யோசினையும் இல்ல. காணல்ல. சத்தம் கேட்டுத்தான் தெரியும்" என்றார். வழக்கு முடிந்து அவர்மேல் குற்றமில்லை என்று லைசனைத் திருப்பிக் கொடுத்தார்களாம். அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டார். பிறகு ஒருநாள் முந்தலில் அந்த மனிதரின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். அடிப்பார்கள் என்று நினைத்தே போனாராம். யாரும் அடிக்கவில்லை. இறந்தவரின் மனைவி உட்காரக் கதிரை எடுத்துப் போட்டாள். பிறகு சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவர் உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"அதுக்கு என்ன பதில் செல்ற? தெரியல்ல என்டாலும் பாவம், தெரிஞ்சது என்டாலும் பாவம்" என்றார் நானா. பிறகு மேலங்கியைத் தொட்டுக் காட்டி, "நம்மள ஆரும் காணாம அடிச்சிட்டு, அந்த மனுசன் என்னப் போலச் சாகும் வரைக்கும் கிடந்து யோசிக்கப்படாது. அதுக்குத்தான் இவ்வளவும்" என்றார். ஊரில் உங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். "முந்தி அகதி என்டு கூப்பிட்டாங்க. இப்ப கல்யாண ஊடு என்டுறாங்க. பதவி உயர்வுதானே தம்பி?" சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அது நடந்தது காற்றுக் காலத்து ஒரு மாலைப்பொழுது. நல்ல வெளிச்சம் இருந்தது. அன்று நானா வரவில்லை. ஆனால் வாங்கில் இருந்த ஒருவருடைய போனுக்கு அவர் வந்து சேர்ந்தார். சின்ன வீடியோ. கற்பிட்டிக்கு விடுமுறைக்கு வந்த இளைஞர்கள் யாரோ, ஓடுகிற வானுக்குள்ளிருந்து எடுத்தது. தூரத்தில் ஒரு மினுக்கம், பிறகு கொடி, பிறகு மஞ்சள் ஹெல்மெட். வானுக்குள் கூச்சலும் சிரிப்பும். கிட்டே போ, கிட்டே போ என்று ஒரு குரல். நானா கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். திரும்பாமலே இடது கையை உயர்த்தினார். அதோடு வீடியோ முடிந்தது. "நம்மட மாப்புள உலகம் முழுக்கப் போயிட்டாரு" என்றார் மாமா. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வீட்டில் நீங்களும் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். அது உங்கள் பிழை இல்லை. வீடியோவில் சிரிக்க மட்டும்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தல் கேட்டது. ஒரு பெயரையும், அவருடைய வாப்பாவின் பெயரையும் சொன்னார்கள். நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். மாமா மீன்பெட்டியோடு வந்து நின்றார். "ஆரு மச்சான் இது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. பக்கத்துப் பேக்கரிக்குப் பாண் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கி இரண்டாவது முறையும் அதே பெயரைச் சொன்னது. வெளியூர் ஆளாக இருக்கும் என்று மாமா பெட்டியைத் தூக்கினார். மூன்றாவது முறை, யாரோ பக்கத்தில் நின்று காதோடு எதையோ சொல்வது கேட்டது. அறிவித்துக்கொண்டிருந்த மோதினார் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "மாம்புரித் தோட்டத்துக்குச் சைக்கிள்ல கொடி கட்டிப் போற நானா" என்றார். வீதியில் நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமா பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அன்று அவர் மீன் விற்கப் போகவில்லை. உடலை வைத்துத் தூக்கிய சந்தூக்கை, அடக்கம் செய்யும் மையவாடிவரை, தோளில் இருந்து மாற்றவே இல்லை. தோள் கொடுக்க வந்தவர்களை எல்லாம் தலையசைத்து அனுப்பிவிட்டார்.

சைக்கிளை எடுத்துவர, நானாவின் மனைவியுடைய தம்பியோடு நானும் பொலிசுக்குப் போனேன். என்ன நடந்தது என்பதை அங்கேதான் கேட்டேன். முதல் வீடியோவை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு இரண்டாவது எடுக்க இன்னும் கிட்டே போயிருக்கிறார்கள். லொறிக்கு இறங்குகிற நானா அந்த வானுக்கு இறங்கவில்லை. அது வேகத்தைக் குறைத்துக்கொண்டுதானே வந்தது. ஒரு கை மேலே இருந்த நேரம் வான் சைக்கிளின் பின்பக்கத்தில் உரசிவிட்டது. விழுந்தவர்மேல் வானின் பின் சில்லு ஏறிவிட்டது. காணவில்லையா என்று வான் ஓட்டிய பொடியனிடம் பொலிஸ் கேட்டிருக்கிறார்கள். "கண்டேன் சேர். வெகு தூரத்திலேயே கண்டேன்" என்று சொல்லி அழுதானாம்.

உருக்குலைந்த சைக்கிளை நான் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். நானாவின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றபடி, "இது இங்க வாணாம் தம்பி. திருத்தவும் வாணாம்" என்றார். அதனால் அது நம் கடையின் பின்பக்கம் சாத்திக் கிடந்தது. முன்சில்லு எட்டுப் போல வளைந்திருந்தது. தடி முறிந்திருந்தது. தட்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. மாமா அதன் பிறகு வாங்கில் உட்காரவில்லை. மற்றவர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள். சைக்கிள்கள் கடந்து போகும்போது ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விட்ட நேரம். வீதியில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடியைக் கழட்டி என் சைக்கிளில் பூட்டினேன். சரியாகத் திருப்பி வைப்பதற்காகச் சைக்கிளைக் கடையைத் தாண்டி வீதியோரத்தில், நானா மாலையில் வீடு போகிற பக்கம் பார்த்து நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, சீற்றில் ஏறி உட்கார்ந்தேன். முதலில் வானம் தெரிந்தது. கொஞ்சம் தாழ்த்தினேன், மின்கம்பி. இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன், வாங்கு தெரிந்தது. முழு வாங்கும் தெரிந்தது. மாமா உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பான இடம், சாய்ந்தவர்களின் எண்ணெய்த் தலைகள் சுவரில் விட்ட கறுப்பு வட்டங்கள், எனக்கென்று ஓரத்தில் விட்டிருந்த இடம் எல்லாம் தெரிந்தன. அதில் யாராவது இருந்திருந்தால் சிரிக்கும்போது பல்கூடத் தெரிந்திருக்கும்.

பிறகு, திரும்பாமல், இடது கையை உயர்த்தினேன். கண்ணாடிக்குள் வெறும் வாங்கு கிடந்தது. இறங்கி, ஸ்பேனர் சாவியை எடுத்து, கண்ணாடியின் நட்டை இறுக்கினேன்.