முதல் போணியும் இரண்டாவது ரத்தமும்

எனக்கு நெஞ்சுவலி வந்த கதையைக் கேட்டால் முதலில் சிரிப்பீர்கள். பரவாயில்லை, நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எனக்குக் கருப்பட்டிக் கடை. உடன்குடிச் சரக்கு. விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு. போணி ஆகாமல், அதாவது அன்றைய முதல் வியாபாரம் நடக்காமல், கடையை விட்டு நகர மாட்டோம். வீடு தீப்பிடித்தாலும் ஒரு வட்டுக் கருப்பட்டி விற்றுவிட்டுத்தான் ஓடுவோம்.

அந்த நேரத்தில்தான் வலி வரும். மூட்டை தூக்கும்போது வராது, படியேறும்போது வராது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நெஞ்சுக்கு நடுவில் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இருக்கும். வேர்த்துக் கொட்டும். போணி ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். போணி ஆகி, மனைவியை வரச்சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வலி இருந்த இடம் தெரியாது. இ.சி.ஜி. எடுப்பார்கள். சுத்தமாக இருக்கும். மூன்று தடவை இதே கூத்து.

"ஆஸ்பத்திரி வாசலக் கண்டதும் ஓடிப்போற வலிய இப்பத்தான் பாக்கேன். வாய்வுதான். சோடாவக் குடிச்சிட்டு ஏப்பம் விடுங்க" என்றாள் மனைவி. குடித்தேன். ஏப்பம் வந்தது. மறுவாரம் வலியும் வந்தது. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது: வலிப்பதாக நானாக நினைத்துக்கொள்கிறேனோ? வலியைவிட அந்தச் சந்தேகம்தான் என்னைத் தின்றது.

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வேலைக்குப் போகிற வழியில் என்னிடம் சில்லுக்கருப்பட்டி வாங்குவாள். ஒருநாள் காலையில் அவள் வந்தபோது நான் மார்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, மழையில நனைஞ்ச மாதிரி உக்காந்திருக்கிய?"

"வாய்வும்மா. போணி ஆகட்டும், பாத்துக்கிடுதேன்."

"வாய்வுக்கு இப்படியா வேர்க்கும்? எந்திரிங்க."

"போணி ஆகாம எப்படிம்மா..."

அவள் ஒரு நோட்டைத் தராசுத் தட்டில் வைத்தாள். ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டாள். "இந்தா, போணி ஆச்சு. ஆட்டோல ஏறுங்க."

பக்கத்து டீக்கடைக்காரரைக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஏறினேன். போய்ச் சேர்ந்ததும் வலி வழக்கம்போல் ஓடிப்போயிற்று. இ.சி.ஜி. சுத்தம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. டூட்டி டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள்தான் விடவில்லை.

"வலி வந்து ஒரு மணி நேரங்கூட ஆகல சார். மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ எடுப்போமா?" டாக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை தவித்தால் ட்ரோபோனின் என்கிற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தத்தில் சேருமாம். "தடம் பிந்தித்தான் தெரியும் அண்ணாச்சி. இதுவரைக்கும் வலி போனதும் நீங்களும்லா கடையப் பாக்கப் போயிட்டிய" என்றாள்.

இரண்டாவது ரத்தத்தின் முடிவு வந்ததும் தாளோடு அவளே வந்தாள். "ஏறியிருக்கு அண்ணாச்சி." இதயம் அடிபட்ட செய்தியைக் கேட்டு என்னைப்போல் சந்தோஷப்பட்டவன் இந்த ஊரில் இருக்க மாட்டான். நான் பொய் சொல்லவில்லை! தகவல் கேட்டு ஓடிவந்திருந்த மனைவி அழுதுவிட்டாள். "உங்கள சோடாவக் குடிக்கச் சொன்னேனே" என்றாள். "ஏளா, சோடா நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அங்கேயே ஆஞ்சியோ செய்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. பிறகு இதய டாக்டர், வலியை வரவழைத்துப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு, பக்குவமாக ஒரு மருந்தை உள்ளே செலுத்தினார். திரையில் என் ரத்தக்குழாய் நூலாகச் சுருங்கியது. அதே முறுக்கல். "இதான் சார், இதேதான்!" என்று கத்திவிட்டேன். வேறொரு மருந்து போனதும் குழாய் விரிந்தது, வலியும் இறங்கியது.

"கெண்டைக்கால்ல குரக்களி இழுக்கும்லா, அந்த மாதிரி உங்க இதயக்குழாய் இழுத்துக்கிடுது" என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். பீடியை விடச்சொன்னார். விட்டேன்.

அடுத்தவனுக்காவது ஒரு சொட்டு ரத்தத்திலேயே இது தெரிந்துவிடாதா என்று கேட்டேன். "இதயத்துக்குக் காயம்னு ரத்தம் சொல்லுது. அடைப்பாலயா, இழுப்பாலயான்னு அது சொல்லல. அதச் சொல்லுற அடையாளத்தத்தான் ரத்தத்துல தேடிக்கிட்டு இருக்காங்க. ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் ரத்தம் கூடுதலாத் தருவியளா?" என்று தயங்கிக் கேட்டார். கருப்பட்டிக் கடைக்காரனிடம் கொசுறு கேட்க என்ன தயக்கம்?

மாத்திரை தொடங்கிய பிறகு அந்த முறுக்கல் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். போனமுறை ரத்தப் பரிசோதனைக் கூடம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். அவள் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"போணி ஆச்சா அண்ணாச்சி?"

"இல்லம்மா. கடையத் திறக்காமலே வந்துட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். முதல் குழாய் நிறைந்தது. கொசுறுக்குழாயை மாட்டினாள்.

"எனக்கு இன்னைக்கு நீங்கதான் போணி" என்றாள்.