சாத்திய ஷெட்டுக்குள் ஒரு பனி மெசின்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அண்ணை என் வீட்டு ஷெட்டுக்குள் சாகக் கிடந்தார். அந்த ஷெட்டின் கதவைச் சாத்தியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் எனக்கு வாய் வராது.

அண்ணை முப்பது வருடம் கனடாவில் இருந்தவர். அண்ணி இறந்த பிறகு லண்டன் மோர்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய சாமான்கள் கப்பலில் வந்தபோது, பெட்டிக்குள்ளிருந்து பனி துளைக்கும் மெசின் ஒன்றும் வெளியே வந்தது. அங்கே குளிர்காலத்தில் ஏரி இறுகிவிடும். அதன்மேல் நடந்து போய், இந்தப் பெட்ரோல் மெசினால் பனியில் துளை போட்டு, பக்கத்தில் கதிரை வைத்து இருந்து மீன் பிடிப்பார்கள். கீழே நீளமான திருகுக் கத்தி, மேலே சின்ன எஞ்சின், பிடிப்பதற்கு இரண்டு கைபிடி.

"லண்டனில எந்தக் குளம் அண்ணை உறையுது? தேம்ஸில துளை போடப் போறீங்களோ?" என்று நான் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. அவரும் சிரிப்பார். ஆனால் மெசினை எறியவும் மாட்டார், விற்கவும் மாட்டார்.

தை மாதக் கடைசியில் அடித்த காற்றில் லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டு வேலி விழுந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த வேலி. புதுக் கம்பம் நட ஆறு குழி தோண்ட வேண்டும். நான் வேலை செய்வது மெசின்களை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையில். பதினொரு வருடமாக அந்தக் கவுண்டரில் நிற்கிறேன். குழி தோண்டும் மெசின் ஒன்றை அங்கிருந்தே எடுத்து வந்திருக்கலாம். அண்ணை விடவில்லை. பனிக் கத்தியைக் கழற்றிவிட்டு மண் துளைக்கும் கத்தியைப் பூட்டினால் தன் மெசினே போதும் என்றார். இந்த ஊரில் தன்னுடைய சாமான் ஒன்றுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவருக்குச் சரியான சந்தோசம். சரி போகட்டும் என்று கத்தியை மட்டும் கடையிலிருந்து கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை காலை மெசின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. முதல் குழியில் பாதிக்குமேல் போனதும் சத்தம் தளர்ந்தது, கத்தி மண்ணுக்குள் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி ஓடியது, மறுபடி தளர்ந்தது. மூன்றாவது தரம் இழுக்கும்போது பக்கத்து வீட்டு மேல்மாடித் திரை அசைவதைக் கண்டேன்.

அந்த வீட்டில் இருப்பவர் தனியாக வாழும் ஒரு வயதான வெள்ளைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் என் மகனின் பிறந்தநாளுக்குப் பாட்டுச் சத்தம் கூடிவிட்டது என்று அவர் கவுன்சிலுக்கு எழுதிப்போட, எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. வெறும் எச்சரிக்கைதான். ஆனால் இந்த நாட்டில் இருக்கலாமா போகவேண்டுமா என்பதைக் கடிதத்தில் படித்து அறிந்த ஆட்கள் நாங்கள். பாஸ்போர்ட் கிடைத்து எத்தனை காலமானாலும் மண்ணிற உறை ஒன்று வாசலில் விழுந்தால் நின்ற இடத்திலேயே கிழித்துப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பேன்.

"தூக்குங்கோ அண்ணை, ஷெட்டுக்குள்ள வைச்சுப் பாப்பம்" என்றேன்.

கத்தியைக் கழற்றி, எஞ்சினை ஷெட் மேசையில் வைத்து இறுக்கினோம். கதவைச் சாத்தினேன். அதுவும் போதாதென்று ஜன்னலுக்குப் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். பழைய பெட்ரோலை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக ஓயில் கலந்து நிரப்பினோம். பிளக் கரி பிடித்திருந்தது, மாற்றினோம். காற்றை வடிக்கும் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டோம். ஒவ்வொரு தரமும் நன்றாகத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும். நான் சமையலைப் பார்க்க இடையிடையே குசினிக்குப் போய் வந்தேன். அண்ணை அங்கேயே நின்றார். பின்னேரம் மோர்டனுக்குப் போகும்போது தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார்.

எனக்குத் தலை இடித்தது. எல்லாம் அந்தச் சத்தத்தால் என்று நினைத்து இரண்டு குளிசை போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துக்கொண்டு நிற்கும்போது டாங்க் மூடியின் நினைவு வந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றுப் போவதற்கு அந்த மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்துவிட்டால் பெட்ரோல் இறங்காது, எஞ்சின் பட்டினி கிடக்கும். அண்ணை வந்ததும் மெசினை ஓடவிட்டு, அது தளரும் நேரம் பார்த்து மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே போனது. எஞ்சின் மறுபடி எழும்பிச் சீறியது.

"பாத்தீங்களோ! உங்கட கனடாவில ஒருத்தனும் இதைச் சொல்லித் தரேல்லையே?" என்று கத்தினேன். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசியால் துளையைச் சுத்தம் செய்து மூடியைப் பூட்டினோம். இனி ஒரு டாங்க் முடியும்வரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் நம்பலாம் என்றேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

முதலில் நன்றாக ஓடியது. பிறகு மெல்ல மெல்லச் சத்தம் தளர்ந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"கார்பரேட்டர் ஆணியில கை வைச்சீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, நான் தொடேல்லை."

"அப்ப ஏன் இறங்குது? அந்தச் சின்ன ஸ்பானரைத் தாங்கோ."

அவர் சுத்தியலை நீட்டினார். "நித்திரையோ அண்ணை?" என்று பறித்து வைத்தேன். அவர் பெயின்ட் டின் ஒன்றின்மேல் இருந்துகொண்டு, "கதவைக் கொஞ்சம் திறந்து விடுவமோ?" என்று கேட்டார்.

"திறந்து விடுங்கோ! அந்த மனுசன் இன்னொரு கடிதம் போடட்டும். நீங்கள் மோர்டனுக்குப் போயிடுவீங்கள். கவுன்சிலுக்குப் பதில் எழுதுறது நான்."

அவர் டின்னிலேயே இருந்துவிட்டார். அடுப்பில் சோறு இருந்தது. பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தேன். கதவை மறக்காமல் இழுத்துச் சாத்தினேன்.

சோற்றை வடித்துக்கொண்டு நிற்கும்போது மெசின் சத்தம் இருமி இருமி நின்றது. சரி, மனுசன் பொறுமை இல்லாமல் நிற்பாட்டிவிட்டார் என்று ஏசிக்கொண்டே போனேன். கதவைத் திறந்ததும் நீலப் புகை முகத்தில் அடித்தது. அண்ணை தரையில் சரிந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அண்ணை என்று கூப்பிட்டேன். அந்த முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு கக்கத்துக்குள் கைகொடுத்து இழுத்தேன். வாசற்படிக்குமேல் அவரை எடுக்க என்னால் ஏலவில்லை. என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

விழுந்து கிடந்த வேலியை மிதித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மனிதர் ஓடி வந்தார். காலில் வீட்டுச் செருப்பு. இருவருமாக அண்ணையைப் புல்லில் இழுத்துப் போட்டோம். ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தவரும் அவர்தான். வரும்வரை ஈரப் புல்லில் முழங்காலில் நின்று அண்ணையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அண்ணைக்கு ஒட்சிசன் போட்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் என்னிடம் வந்து எழுதத் தொடங்கினாள். மெசின் எங்கே ஓடியது என்று கேட்டாள். ஷெட்டுக்குள் என்றேன். கதவு? சாத்தியிருந்தது. ஜன்னல்? போர்வை போட்டிருந்தேன். அவளுடைய பேனை நின்றது. நான் வேலைக்குப் போடும் ஜாக்கெட்டோடு வந்திருந்தேன், நெஞ்சில் கடையின் பெயர். அதைப் பார்த்துவிட்டு, "அங்கேயா வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அடைத்த இடத்துக்குள் ஓட்டவேண்டாம், புகை ஆளைக் கொல்லும் என்று ஒவ்வொரு பெட்ரோல் மெசினையும் கொடுக்கும்போது நான் சொல்கிறேன். சொல்லிக் கையெழுத்தும் வாங்குகிறேன். பதினொரு வருடமாக என் வாய்தான் அதைச் சொல்லியிருக்கிறது, என் காதில் ஒருநாளும் விழவில்லை.

அண்ணை பிழைத்தார். மாலை கண் விழித்து, மகளின் பெயரைச் சரியாகச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வேறு கதை என்று டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை காலை மெசினைத் தோட்டத்தின் நடுவில் வைத்து இழுத்தேன். டாங்க் காயும்வரை ஒரு தளர்வும் இல்லாமல் ஓடியது. மூடியைச் சுத்தம் செய்தவுடனேயே அந்தப் பிழை தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் அது தளர்ந்தது காற்று இல்லாமல். எஞ்சினுக்கே மூச்சு முட்டிய இடத்தில் அண்ணையை நிறுத்திவைத்துவிட்டு, கார்பரேட்டர் ஆணியைத் தொட்டாரா என்று விசாரித்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். "உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையோ அண்ணை? தலை இடிக்கேல்லையோ?"

"சனிக்கிழமையே இடிச்சது பிள்ளை. வீட்ட போய்ச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தனான்."

"அப்ப நேத்து ஏன் சொல்லேல்லை?"

அவர் என்னைக் குறையாகப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"கதவைத் திறக்கச் சொல்லி ஒருக்காக் கேட்டனான் தானே. நீ ஏசினாய். பிறகு தலையிடி எண்டு சொன்னா, அதுக்கும் ஏசுவாய் எண்டு விட்டிட்டன்."

எனக்கு மூத்தவர். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். என் வாய்க்குப் பயந்து அந்தப் புகைக்குள் பேசாமல் இருந்திருக்கிறார்.