பெற்றோர் சந்திப்புக்கு வந்த சேவல்

எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளியின் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டாலும் அம்மா சொல்லிவிடுவார். அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கிறார். பெயரை எழுதத் தெரிந்ததும் இது போதும் என்று எழுந்து வந்துவிட்டதாக அவரே சொல்வார். அம்மா அந்த அளவுக்கும் உட்காரவில்லை. ஆகவே நான் காஹாங் சிற்றூரைத் தாண்டி, குளுவாங் பட்டணத்தில் ஒரு பெரிய பள்ளியில் படிவம் ஒன்றில், அதாவது ஏழாம் வகுப்பில், சேர்ந்த பிறகு, வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதை வாசிப்பது நான். தோட்ட அலுவலகத்திலிருந்து வரும் தாள்களுக்கு அர்த்தம் சொல்வது நான். பதின்மூன்று வயதில் ஒருத்திக்கு இவ்வளவு அதிகாரம் கிடைப்பது நல்லதல்ல.

அந்த ஆண்டின் நடுவில் என் அதிகாரத்துக்கு ஒரு சோதனை வந்தது. எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் எங்கள் தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் போக ஒரே ஒரு வேன்தான் இருந்தது. அதை ஓட்டியவர், ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் மோட்டார் சைக்கிள் விடிவதற்கு முன்பே பழக்குலை வெட்டும் காட்டுக்குப் போயாக வேண்டும். பள்ளி விடுதியில் இடம் கிடைத்தால் நான் படிக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்துவிட்டு, வயது வந்ததும் அத்தை வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான். விடுதியில் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். வகுப்பாசிரியை பரிந்துரை எழுதினால்தான் நடக்கும்.

வகுப்பாசிரியை ஒரு மலாய்க்கார அம்மா. மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்று அழைப்பது வழக்கம். நாங்களும் அப்படித்தான் அழைத்தோம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கணக்கில் நான் வகுப்பிலேயே முதலாவதாக வந்தபோதுகூட என் தாளை மற்ற தாள்களைப் போலத்தான் நீட்டினார். விடுதியைப் பற்றிக் கேட்டதற்கு, பெற்றோர் சந்திப்பு நாளில் அப்பாவைக் கூட்டி வா, அவரோடு பேசிய பிறகுதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார்.

எனவே நான் அப்பாவைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். நீளக் கால்சட்டை போட வேண்டும். தோட்டத்து ரப்பர் பூட்ஸ் கூடாது, சப்பாத்து போட வேண்டும். நான் கண்ணைக் காட்டும்போது மட்டும் பேச வேண்டும். பேசவேண்டிய மலாய் வாக்கியங்களையும் நானே சொல்லிக் கொடுத்தேன். அப்பா கடையிலும் காட்டிலும் தாராளமாகப் பேசும் மலாய், பள்ளிக்கூடத்துக்கு ஆகாது என்று எனக்குத் தோன்றியது. அவர் எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினார். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"வெறுங்கையோடவாம்மா போறது?"

எங்கள் தோட்டத்தில் யாரும் கையை வீசிக்கொண்டு போய் ஒன்றைக் கேட்க மாட்டார்கள். அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியார் வீட்டுக்குப் போனால் ஒரு சீப்பு வாழைப்பழம், மரவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் பெரிய காரியமென்றால் கோழி. இது கிராணியார் வீடு இல்லை, பள்ளிக்கூடம் என்று நான் விளக்கினேன். ஆசிரியருக்குப் பொருள் கொடுப்பது லஞ்சம். லஞ்சத்தைப் பற்றிப் பள்ளியில் நடந்த கட்டுரைப் போட்டியில் எனக்குத்தான் இரண்டாம் பரிசு. அந்தக் கட்டுரையையே அப்பாவுக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்லா எழுதியிருக்கே என்றார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

சந்திப்பு ஒரு சனிக்கிழமை. வரும் பெற்றோருக்கு வழி காட்டும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் நான் வேனில் முன்னாலேயே போய்விட்டேன். வாசலில் என்னோடு நின்றவள் ஷர்மிளா. பட்டணத்துப் பெண். அவளுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை செய்தார். சற்றுமுன்தான் வெள்ளைக் காரில் வந்து இறங்கி, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் நலம் விசாரித்துவிட்டு உள்ளே போயிருந்தார்.

அப்போது அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கல்யாணங்களுக்குப் போடும் சட்டை, நீளக் கால்சட்டை, மாமாவிடம் இரவல் வாங்கிய சப்பாத்து. நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. முன்னால் இருந்த கூடையில் ஒரு சாக்குப்பை. பையின் வாயிலிருந்து ஒரு தலை வெளியே நீட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த தலை. தினமும் விடியற்காலையில் என்னைப் பள்ளிக்கு எழுப்பிவிடும் எங்கள் வீட்டுச் சேவல்.

"அலாமா, அங்கிள் ஒருத்தர் கோழியோட வர்றாரு," என்றாள் ஷர்மிளா.

"சந்தைக்குப் போற வழியா இருக்கும் லா," என்றேன்.

வழியாக இல்லை. அப்பா வண்டியை நிறுத்தி, பையைக் கையில் எடுத்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்து, வேர்த்துப் போயிருக்கியேம்மா என்று என் நெற்றியைத் துடைத்தார். ஷர்மிளா அப்பாவையும் என்னையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஜாடை தேடுவது போல இருந்தது எனக்கு.

நான் அப்பாவைச் சைக்கிள் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"எதுக்குப்பா இது?"

"டீச்சருக்கு. கம்பத்து நாட்டுக்கோழிம்மா. கடையில கிடைக்காது."

"கொண்டு வந்துதான் ஆகணும்னா, அம்மாகிட்ட சொல்லிப் பிரட்டல் வச்சு மூடிக் கொண்டு வந்திருக்கலாம்ல. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"சமைச்சது சரிப்படாதும்மா," என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை. சில விஷயங்களில் அப்பா வாயைத் திறக்க மாட்டார். நான் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். வழி காட்டுபவள் முன்னால்தானே நடக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மண்டப வாசலில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று மலாயில் எழுதிய பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே என் கட்டுரையும் ஒட்டப்பட்டிருந்தது. அப்பாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது என்பதற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான். சேவலின் வால் என் கட்டுரையை உரசிக்கொண்டு உள்ளே போனது.

காத்திருக்க நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அப்பா உட்கார்ந்ததும் நான் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தேன். அந்தக் காலி நாற்காலியில் அப்பா சேவலை வைத்தார். அதற்காகத்தான் இடம் விட்டேன் என்று நினைத்திருப்பார் போல. சேவல் விழாமல் பிடிச்சுக்கோம்மா என்று பையின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். மண்டபம் அமைதியாக இருந்தது. பெற்றோர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சேவலுக்கு அப்படிப்பட்ட இடங்களில் பழக்கமில்லை. கழுத்தை நீட்டி ஒருமுறை முழுதாகக் கூவியது. மண்டபமே திரும்பியது. தலைமையாசிரியரும் திரும்பினார். யாரோ சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவியது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பையின் நுனி என் கையில் இருந்தது, விடவும் முடியவில்லை.

எங்கள் முறை வந்தது. ஆசிரியை மேசைமேல் என் தேர்ச்சி அட்டையைத் திறந்து வைத்திருந்தார். கணக்கு, அறிவியல், எல்லாம் நல்ல புள்ளிகள். அப்பாவுக்கு நான் கண்ணைக் காட்டினேன். அவர் நான் சொல்லிக் கொடுத்த ஒரு வாக்கியத்தையும் சொல்லவில்லை. பையை மேசையருகே இறக்கி, தன் காட்டு மலாயில் ஆரம்பித்தார்.

"சிக்கு, இது எங்க வீட்டுல வளர்ந்தது. உயிரோட இருக்கு. நீங்களே அறுத்துக்குங்க."

ஆசிரியை சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுதி போயிற்று என்று நினைத்தேன். என் தலைக்கு மேலே, அந்த மண்டபச் சுவர் முழுவதும், நான் எழுதிய கட்டுரையே பெரிய எழுத்துகளில் தெரிவது போல இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சேவல், பையிலிருந்து பாதி வெளியே வந்து, பளபளவென்று துடைத்திருந்த தரையை அசிங்கப்படுத்திவிட்டது.

நான் எழுந்து ஓடினேன். துணி தேடி மண்டபத்தின் பின்பக்கம், அங்கிருந்து கழிவறை, அங்கிருந்து சிற்றுண்டிச்சாலை. ஓடும் வழியில் ஷர்மிளா நின்றிருந்தாள்.

"அடுத்த தடவை ஆடு கொண்டு வருவாங்களா?" என்றாள்.

ஒரு பழைய செய்தித்தாளும் ஈரத்துணியும் கிடைத்துத் திரும்பி வந்தபோது, ஆசிரியை எழுந்து நின்றுகொண்டிருந்தார். சேவல் அவர் கையில் இருந்தது. இறக்கைகளை உடம்போடு சேர்த்து, பழகியவர்கள் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தேன். தலைக்கு மேலே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றியோ என் புள்ளிகளைப் பற்றியோ இல்லை. முட்டை, மீன், எந்தெந்தக் கிழமை என்ன சமையல் என்று ஏதேதோ பேசினார்கள்.

"மாட்டிறைச்சி மட்டும்தான் ஆகாது சிக்கு. மத்தது எல்லாம் சாப்பிடுவா," என்றார் அப்பா.

நான் மாதக்கணக்கில் கண்விழித்துப் படித்து வாங்கிய புள்ளிகள் மேசைமேல் பேனா டப்பாவுக்குக் கீழே கிடந்தன. எழுந்து, அட்டையை ஒரு விரலால் மெதுவாக ஆசிரியையின் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "பாகுஸ்," என்றார். நல்லது என்று அர்த்தம். அவ்வளவுதான். பிறகு அப்பாவிடம் திரும்பி, சேவலுக்கு என்ன தீனி போடுவீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்கு எடுத்துப் போகத் தனக்குப் பள்ளி விதி இடம் தராது என்றும், கைத்தொழில் பாடம் நடக்கும் வாழ்வியல் திறன் பட்டறைக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டு இருப்பதாகவும், பள்ளிக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆசிரியை சொன்னார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் நல்லதுதான் என்றார். ஆசிரியையே சேவலைத் தூக்கிக்கொண்டு, பெற்றோர் எல்லாரும் பார்க்க, சுவரொட்டியைத் தாண்டி நடந்து போனார்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அழுதேன். காற்றில் அப்பாவுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் செம்பனை வரிசைகள் வந்த பிறகு அவராகவே சொன்னார்.

"நல்ல டீச்சர்."

"மார்க்கைப் பத்தி ஒண்ணுமே பேசலையேப்பா."

"அதான் நீ வாங்கிட்டியே. அதுல பேச என்ன இருக்கு?"

விடுதியில் எனக்கு இடம் கிடைத்தது. என் புள்ளிகளுக்காகத்தான் கிடைத்தது என்று, சேவலையும் மீறிக் கிடைத்தது என்று, பல வருடம் நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன். சேவல் கூண்டில் சௌக்கியமாக வளர்ந்தது. பையன்கள் அதற்கு என் பெயரை வைத்துவிட்டார்கள். கணக்குப் பாடத்தில் நான் கரும்பலகைக்கு எழுந்து போகும் நேரம் பார்த்து அது கூவினால், வகுப்பே மேசையைத் தட்டும். விடுதிக்கு அப்பா போன் செய்தால் முதலில் சேவலைத்தான் விசாரிப்பார். பக்கத்தில் வரிசையில் நிற்கும் பெண்களுக்குக் கேட்காதபடி, வாயைக் கையால் மூடிக்கொண்டு, நல்லா இருக்குப்பா என்பேன்.

சென்ற தீபாவளிக்கு என் அலுவலகத் தோழி ஒருத்தி, மலாய்ப் பெண், ஜொகூர் பாருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. முதல்நாள் நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அடுப்படியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு புதுச்சட்டி இருந்தது. அப்பா காலையிலேயே காஹாங் சந்தைக்குப் போய், மலாய்க்காரர் கடையில் அவர்களுடைய ஹலால் முறைப்படி அறுத்த கோழியை வாங்கி வந்திருந்தார். நம்ம சட்டியில வச்சா அந்தப் பிள்ளை சங்கடப்படும், வாய்விட்டும் சொல்லாது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பையைக் கீழே வைக்காமல் அப்படியே அடுப்படி வாசலில் நின்றேன். சமைச்சது சரிப்படாதும்மா என்று சைக்கிள் கொட்டகையில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

விடுதியில் மாட்டிறைச்சி சமைக்கும் நாட்களில், நீள மேசையின் ஓரத்தில் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடி, எனக்காகத் தனியாக இருக்கும். அதைச் சமையலறைக்குச் சொல்லி வைத்தது யார் என்று நான் கேட்டதே இல்லை. விடுதி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, முட்டை ஆறிப்போயிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவேன்.