ஒன்பதாம் எண் மூட்டை

1961 ஜூன் மாதம். அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்ததால் வேடசந்தூரிலிருந்து வீடு மாறினோம். எனக்கும் திண்டுக்கல்லிலேயே ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் வந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகத்தை நேரில் காட்டிச் சேருவதற்கான கடைசி நாளும், நாங்கள் வண்டி கட்டிய நாளும் ஒன்றாகிவிட்டன. மாலை நான்கரை மணிக்குள் போயாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் மூட்டை கட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். இருபத்தொரு கோணிகளின் வாயை நெருக்கித் தைத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய தாளை ஒட்டினேன். எந்த எண்ணில் என்ன சாமான் என்பதை நோட்டில் குறித்தேன். பசைக்கு உப்புப் போட்ட சோற்றுக்கஞ்சி.

"பொஸ்தகத்த மட்டும் மடியில வச்சுக்கத்தா" என்றார் அம்மா.

"ஒம்பதாம் நம்பர்ல ஒன் கல்யாணச் சேலைக்குள்ள இருக்கும்மா. நோட்டுல எழுதியாச்சு" என்றேன்.

வழியில் புளியமரத்தடியில் மாடுகளை அவிழ்த்து வண்டியோடு கட்டிவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டோம். புது வீட்டில் மூட்டைகளை இறக்கும்போதுதான் பார்த்தேன். ஆறு தாள்கள் மிஞ்சியிருந்தன. மற்ற இடங்களில் எச்சில் காய்ந்த தடம். எண் தெரியட்டும் என்று தாள்களை வெளிப்பக்கமாக வைத்து அடுக்கியதும் நான்தான்.

"அம்புட்டையும் மாடு படிச்சிருச்சு தாயி" என்றார் வண்டிக்காரர்.

மிஞ்சிய ஆறில் ஒன்பது இல்லை. பாத்திர மூட்டைகளை ஒதுக்கியும் துணி மூட்டைகள் பத்து இருந்தன. இரண்டின் தையலை அறுப்பதற்குள் மணி நாலாகிவிட்டது.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

"என்னத்தத் தேடுறீக?"

"படிச்ச பொஸ்தகம். சேலைக்குள்ள இருக்கு."

"சேலைக்குப் பூச்சி வராம என்ன போட்டீக?"

எனக்குத் தெரியவில்லை. "வசம்பு" என்றார் அம்மா.

குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவள் குனிந்து ஒவ்வொரு மூட்டையாக மோந்து பார்த்தாள். ஐந்தாவதில் நின்றாள்.

"இதுதான். தெனம் பிள்ளைக்கு ஒரசிக் குடுக்கிறேன், தெரியாதா? செத்த நேரம் நிக்காம ஓடுங்க."

அறுத்தோம். சேலை மடிப்பில் புத்தகம் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எழுத்தர் பதிவேட்டை மூடியிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார்.

பிறகுதான் தெரிந்தது, அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை என்று.

இப்போது நான் ஆசிரியை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் எண்ணுக்கு நேரே 'வசம்பு' என்று அன்றிரவே எழுதிச் சேர்த்தேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்று தோன்றுகிற நாட்களில் அந்த ஒரு சொல்லை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.