அரிசி டின்னுக்குள் ஒரு ரிங்

சாட்சி சொல்ல எழுந்திருக்கிற எல்லாரும், "கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அப்படி ஆரம்பிக்க முடியாது. போன மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்க அழுது அழுது ஒரு ஜெபம் செய்தேன். கர்த்தர் அதைக் கேட்கவே இல்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இன்றைக்கு இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

என் பெயர் கிரேசி. பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல் தறி நெய்கிறார். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், மீதிப் பேருக்கு என் வாய் தெரியும்.

புதிதாக வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சபையில் பிடி அரிசி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து எல்லாருடையதையும் ஒன்றாகக் கொட்டுவோம். பொன்னி, ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் கலந்துவிடும். சனிக்கிழமை அதைப் பைகளில் கட்டி, முடியாதவர்கள் இருக்கிற பதினோரு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்பதில்லை. பை கொடுக்கிற பொறுப்பும் நோட்டும் ஆறு வருஷமாக என் கையில் இருந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பதினோராவது வீடு திருப்பருத்திக்குன்றத்தில், சமணர் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில். தனபாக்கியம் அக்கா. ஐம்பது வயது இருக்கும். தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவர். சர்க்கரை வியாதியில் கண் மங்கிப்போய், காலில் ஆறாத புண்ணும் வந்து, வேலை நின்றுவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆரணியில் ஒரு தம்பி இருப்பதாகச் சொல்லுவார். பையை வாங்கும்போதெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணுவார்.

"உங்க கோயில் அரிசி இருக்குதே கிரேசி, ஒரு வாய் குழையுது, அடுத்த வாய் பல்லுல கடிக்குது. ஒரே சட்டியில நூறு வூட்டுச் சோறு!"

சில சனிக்கிழமைகளில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். நான் அவ்வளவு தூரம் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அதனால், வீட்டில் இருந்தால் காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு ரிங் விடச் சொன்னேன். ஆரம்பத்தில் அவர் நான் எடுக்கிறவரைக்கும் அடிக்கவிடுவார். ஒருநாள் நான் ஜெபத்தில் முழங்காலில் இருக்கும்போது அப்படி அடித்தது. எடுத்துக் கத்திவிட்டேன். "ஒரு ரிங் வுட்டா போதாதா? சும்மா அடிச்சிக்கினே இருந்தா மனுஷி என்ன பண்றது?" என்றேன். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் ஒரே ஒரு ரிங்தான் வந்தது. நல்லவேளை புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

மழை தொடங்கின வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து என் கால் எலும்பு முறிந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு. அந்தச் சனிக்கிழமை பைகளையும் நோட்டையும் ஸ்தேவானிடம் கொடுத்தனுப்பினேன்.

ஸ்தேவானை உங்களுக்குத் தெரியும். ஆட்டோ ஓட்டுகிற நம் பாஸ்கர்தான், ஞானஸ்நானத்துக்கு அப்புறம் ஸ்தேவான். நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே வேதாகமத்தில்தான். அதனால் அவருக்கு எல்லாமே வேதாகமத் தமிழ். சாப்பிட்டாச்சா என்று கேட்கமாட்டார், "போஜனம் பண்ணீங்களாக்கா?" என்பார். ஆட்டோ ரிப்பேர் என்றால், "வண்டி வியாதிப்பட்டிருக்குது" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் வருத்தப்பட்டதில்லை.

அன்றைக்கு அவருக்குச் சவாரி காத்துக்கொண்டிருந்தது. நோட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பிவிட்டார். நான் கட்டிலில் படுத்தபடி பிரித்துப் பார்த்தேன். பத்துப் பெயருக்கு நேராக "கொடுத்தாயிற்று" என்று இருந்தது. கடைசிப் பெயருக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை.

நித்திரை.

நம் ஆட்களுக்கு இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கல்லறையில் அதைத்தான் வெட்டுகிறோம், இரங்கல் நோட்டீஸில் அதைத்தான் அச்சடிக்கிறோம். அன்றைக்குக் காலையில் அக்காவின் ரிங் வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பாஸ்டர் ஐயாவுக்குப் போன் செய்தேன். "அடக்கம் எங்கேம்மா?" என்று கேட்டார். "ஆரணிக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க ஐயா, தம்பி அங்கதான் இருக்காரு" என்றேன். போயிருப்பாங்க என்றுதான் நான் சொன்னேன். போய்விட்டார்கள் என்று ஐயா எடுத்துக்கொண்டார்.

ஸ்தேவானுக்கு ஒரு போன் போட்டு என்ன ஏது என்று கேட்டேனா? கேட்கவில்லை. ஒரு எட்டு யாரையாவது போய்ப் பார்த்துவரச் சொன்னேனா? அதுவும் இல்லை. நம் சபை அங்கத்தினர் ஒருவர் என்றால் வேன் பிடித்துப் போயிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் போனில் பார்த்தேன். ஐயா அவர் பெயரைச் சொன்னார். எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றீர்கள். அவருடைய பையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயரை அடிக்கும்போது மனதின் ஒரு மூலையில், தூரத்து வீடு ஒன்று குறைந்தது என்று நிம்மதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை சரியாக ஏழு மணிக்கு என் போன் அடித்தது. ஒரு ரிங். நின்றுவிட்டது.

எடுத்துப் பார்த்தேன். "பருத்திக்குன்றம் அக்கா" என்று இருந்தது.

உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"செத்தவங்க போனுக்கு யாருடி சார்ஜ் போடறது?" என்றார். பிறகு அவரே, "தம்பி வூட்டுப் பசங்க வெச்சி வெளையாடிக்கினு இருக்கும், வுடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஏழு மணி எப்படித் தெரியும்? ஒரு ரிங்கில் நிறுத்த யார் சொல்லிக்கொடுத்தது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஒரு ரிங். புதன்கிழமை மத்தியானம் இன்னொன்று. மனதைத் திடப்படுத்திக்கொண்டு திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, கரகரவென்று, எங்கேயோ அடியிலிருந்து வருகிற மாதிரி. போனைச் சுவரோரம் வீசிவிட்டேன்.

ஐயோ, நான் பட்ட பாடு! பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். "சத்துரு பயமுறுத்துறான், இயேசுவின் இரத்தம் ஜெயம்னு சொல்லிக்கினே இரு" என்றார். சொன்னேன். சாப்பாடு இறங்கவில்லை. மாவுக்கட்டுக்குள் கால் அரித்தால்கூட யாரோ தொடுகிறார்கள் என்று அலறினேன். போனை அணைத்துவைக்கலாம், ஆனால் என் மகள் பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு வேலூரில் இருந்தாள். அதனால் அணைக்காமல், சத்தம் அமுங்கிக் கேட்கும்படி அதைப் பிடி அரிசி டின்னுக்குள் புதைத்து மூடினேன். என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவரே, இந்தச் சத்தத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும்."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை என் காலுக்காக என் வீட்டிலேயே வைத்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். கொண்டுவந்த அரிசியை ஆளுக்கொரு பிடியாக நடுவில் இருந்த என் டின்னில் போட்டார்கள். உள்ளே போன் இருப்பதை நான் சொல்லவில்லை. உபவாசம் முடிக்கக் கஞ்சிப் பானையோடு ஸ்தேவான் வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தார். நான் வாய்விட்டு அழுதே ஜெபித்தேன். எடுத்துப்போடும் ஆண்டவரே, எடுத்துப்போடும் ஆண்டவரே...

அரிசிக்குள்ளிருந்து அடித்தது. ஒரு ரிங்.

எல்லாருக்கும் கேட்டுவிட்டது. எனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்ததில் அழுகை இன்னும் பொங்கியது. ஸ்தேவான்தான் எழுந்து வந்து, அரிசிக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவி, போனை எடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பருத்திக்குன்றம் அக்கா... இவங்கதான் மரிச்சிட்டாங்களே?"

"நீதானேப்பா எழுதின!" என்றேன்.

"நானா? நான் நித்திரைன்னுதானக்கா எழுதினேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"நித்திரைன்னா தூக்கம்தானக்கா?" வேதாகமத் தமிழெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "தூங்கிக்கினு இருந்தாங்கக்கா. குறட்டை வந்துச்சு. எழுப்ப மனசு வரல. வெளிய வெச்சா நாய் இழுத்துக்கினு பூடும்னு பைய எடுத்தாந்துட்டேன். ஞாயித்துக்கெழம ஐயா சொன்னப்போ, நான் வந்தப்புறம் தூக்கத்துலயே போய்ட்டாங்கன்னு நெனச்சேன். எழுப்பியிருந்தா பொழச்சிருப்பாங்களேன்னு எனக்கே சோறு எறங்கல."

அதற்குமேல் யாரும் ஜெபிக்கவில்லை. என்னைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். பாஸ்டரம்மா கஞ்சிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். போகிற வழியெல்லாம் நான் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இருக்கட்டும், இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும் ஆண்டவரே என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

முன்பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. வீட்டுக்கார அம்மா இருந்தவரை இரண்டு இட்லியாவது கொடுத்திருக்கிறார். அந்த வாரம் திங்கட்கிழமை மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவர் கேட்டதற்கும் அக்கா, "எங்க கிரேசி சனிக்கெழம வரும், அது பாத்துக்கும்" என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

பின்பக்கத்தில் அக்கா குடியிருந்த அறையின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதும் புண் வாடை அடித்தது. அக்கா தரையில் கிடந்தார். பாயில் இல்லை, சுவரோரம், பிளக் இருக்கிற இடத்தில். போனுக்குச் சார்ஜ் போட அங்கே தவழ்ந்துபோய், அதைவிட்டு நகராமலே கிடந்திருக்கிறார். குடம் காலி. கால் கறுத்து வீங்கியிருந்தது. உதடெல்லாம் வெடிப்பு. நாக்கு ஒட்டிப்போய்ப் பேச்சு வராமல், நான் போனில் கேட்ட அதே கரகர மூச்சு.

மாவுக்கட்டுக் காலை நீட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாஸ்டரம்மா கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் விட்டார். கண்ணைத் திறந்து, மங்கின கண்ணால் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் சொன்னது இதுதான்.

"கிரேசி... ஒரு ரிங்குதான் வுட்டேன். கோவிச்சுக்காத."

சகோதரிகளே, நரகம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார். நம் சபைப் பெண்கள் முறைபோட்டு இருபத்திரண்டு நாள் அவர் பக்கத்தில் இருந்தார்கள். ஸ்தேவான் தினமும் காலையில் வந்து கட்டில் ஓரமாக நின்று, "அக்கா, முழிச்சிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சவாரிக்குப் போவார்.

கொஞ்சம் தேறினபிறகு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். அந்தப் பதிமூன்று நாளும் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தீர்கள் என்று.

"உங்க சாமி பேரு எனக்கு வாயில வரல. கிரேசி சாமி, கிரேசி சாமி, அவள அனுப்புன்னு கேட்டுக்கினு இருந்தேன்" என்றார்.

ஒரே சமயத்தில் கர்த்தருக்கு முன்னால் இரண்டு ஜெபம் போயிருக்கிறது. சத்தத்தை நிறுத்தும் என்று நான். அவளை அனுப்பும் என்று அவர். சபை நோட்டு வைத்திருந்தவள் ஜெபத்தைத் தள்ளிவிட்டு, தம் பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது பை கொடுக்கிற முறையை மாற்றியிருக்கிறோம். வாசலில் கொடுத்துவிட்டு வருவதில்லை. உள்ளே போய், உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். தூங்கினால் எழுப்ப வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை. நோட்டில் அந்த வார்த்தையை யாரும் எழுதக்கூடாது. பெயரை அடிப்பதற்கு முன்னால் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கர்த்தரை நம்புங்கள். அவர் கேட்கிறவர். ஆனால் உங்கள் ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று அழுகிற நேரத்தில், யாருடைய ஜெபத்துக்கோ பதிலாக உங்களை அனுப்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா என்றும் கொஞ்சம் கேட்டுப்பாருங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் போனில் எடுக்காமல் விட்ட அழைப்புகளைப் பாருங்கள். ஒருத்தரையாவது திருப்பிக் கூப்பிடுங்கள்.

அந்தச் சத்தம் என்னைவிட்டுப் போகவில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கு அடித்தால் இன்றைக்கும் உடம்பு சில்லிடுகிறது. அதை எடுத்துப்போடும் என்று நான் இப்போது கேட்பதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடிக்கவிடுங்கள் அக்கா, நான் எடுக்கிறவரைக்கும் விடுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியாயிற்று. சரி சரி என்பார். ஆனால் நேற்றைக்கும் ஒரே ஒரு ரிங்தான். ஆறே முக்காலிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த ஒரு ரிங் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று. இதுவரைக்கும் ஒரு தடவைகூட முடியவில்லை. அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.