பார்பரா டீச்சரின் வலது புருவம்

பார்பரா டீச்சர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை இருபத்தெட்டு வருடமாக அவர் வலது புருவத்தாலேயே மேய்த்து வந்தார். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். புருவம் கால்வாசி ஏறினால் உட்கார் என்று அர்த்தம். அரைவாசி ஏறினால் வாயில் இருப்பதைத் துப்பு. முழுவதும் ஏறினால், யார் செய்தது என்று தெரிந்துவிட்டது, நீயே எழுந்து சொல். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒருமுறை இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தபோது மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாளில் மூன்று புருவங்களை வரைந்து ஒட்டி முக்கால் மணி நேரம் விளக்கினார். கேட்டவர்கள் குறிப்புகூட எடுத்துக்கொண்டார்கள்.

தேயிலை ஆலையில் வேலை பார்த்த சூசைமுத்துவின் மூத்த மகள் அவர். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டில் ஒரு வாய் திறந்தால் ஏழு வாய் பதில் சொல்லும். அதனால் சின்ன வயதிலேயே வாயை நம்புவதை விட்டுவிட்டார். பயிற்சிக் கல்லூரிக்குப் போய்வந்தார். திரிங்காப்பிலிருந்து காய்கறி லாரி ஓட்டும் பிரெட்ரிக்கைக் கட்டிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வேலைக்கு அனுப்பிவிட்டார். வயது ஐம்பத்தேழு. ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக வழிந்து நைட்டியை நனைத்தது. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி கழற்றிப்போட்ட சட்டைபோலத் தொங்கியது. பக்கத்து வீட்டு வேலாயி எட்டிப் பார்த்தாள்.

"பேய் அறைஞ்சிருக்கு டீச்சர். நான் வேப்பிலை கொண்டாறேன் லா."

பிரெட்ரிக் காதில் வாங்காமல் கார் சாவியை எடுத்தார். அன்று அந்த வீட்டில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பக்கவாதம் இல்லை, முகவாதம். ஒரு நரம்பு வீங்கியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் சில மாதத்துக்குள் சரியாகிவிடும் என்றார். வலது கண் மூடாது என்பதால் பகலில் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையின்மேல் ஒட்டுப்பட்டை. இரண்டு வாரம் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்.

எம்.சி. முடிந்த மறுநாளே டீச்சர் வகுப்பில் இருந்தார். மூடாத கண் ஓயாமல் நீர் வடித்ததால் வலது கையில் ஒரு கைக்குட்டை. அதைத் தவிர எல்லாம் பழையபடி என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினான்கு பிள்ளைகளும் அப்படி நினைக்கவில்லை. டீச்சர் இமைக்கும்போது இடது கண் மட்டும் மூடித் திறந்தது; வலது கண் அப்படியே முழித்துக்கொண்டு நின்றது. பார்க்கிறவர்களுக்கு அது சுத்தமான கண்ணடிப்பு. மனிதர்கள் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இமைப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து டீச்சர் கண்ணடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: செய், நான் பார்க்கவில்லை.

செய்தார்கள். அகிலன் மேசைமேல் ஏறி நின்றான். டீச்சர் புருவத்தை ஏற்றினார், அது ஏறவில்லை. "இறங்கு" என்று முறைத்தார், முறைக்கும்போதே இமைத்துவிட்டார். அகிலன் பதிலுக்குக் கண்ணடித்தான். புதன்கிழமைக்குள் அந்த வகுப்பின் இரைச்சல் காய்கறிச் சந்தையைத் தாண்டிவிட்டது.

தலைமையாசிரியர் புனிதன் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது பேனாவைத் திருகிக்கொண்டே இருப்பார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். வெள்ளிக்கிழமை நான் வந்து கிளாஸ்ல உக்காந்து பாக்குறேன். இப்படியே இருந்துச்சின்னா ரெண்டாம் ஆண்டோட சேத்து திலகா டீச்சர்கிட்ட குடுத்துடலாம். நீங்க லைப்ரரிய பாத்துக்குங்க. ரெஸ்ட்டா இருக்கும் லா."

"மூஞ்சிதான் சார் கோணியிருக்கு. மூள நேராத்தான் இருக்கு."

"ஒரு அம்மா போன் பண்ணி, டீச்சர் ஏன் எம்மவனப் பாத்து கண்ணடிக்கிறாங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்ல?"

"முகவாதம்னு சொல்லுங்க. அதுக்குப் பேரு இருக்கு" என்றார் டீச்சர். சொல்லும்போது இரண்டு தடவை இமைத்தார். புனிதன் அவசரமாக மேசையைப் பார்த்துக்கொண்டார்.

லைப்ரரி என்பது நான்கு அலமாரியும் ஓர் ஓட்டை மின்விசிறியும். இந்தக் குளிரில் அதை யாரும் பழுது பார்க்கவும் இல்லை. அங்கே போய் உட்கார்ந்தவர் திரும்பி வகுப்புக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. நேரே ஓய்வு விருந்துதான். டீச்சருக்கு மூன்று வருடமும் வகுப்பு வேண்டும்.

அன்று சாயங்காலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இடது புருவத்தைப் பழக்கினார். ஐம்பத்தேழு வருடம் சும்மா உட்கார்ந்து தின்ற புருவம். சட்டென்று வேலைக்குக் கிளம்புமா? அதற்குப் பதில் காதுதான் அசைந்தது. பிரெட்ரிக் தேநீரோடு வாசலில் நின்று பார்த்தார்.

"மூச்ச அடக்காத பார்பரா, எங்கயாச்சும் பிடிச்சுக்கும்."

"நீங்க சும்மா போங்க."

"கட்டி முப்பது வருஷமாச்சு. ஒருநாளாச்சும் எனக்குக் கண்ணடிச்சிருப்பியா? இப்ப ஊருக்கே அடிக்கிற."

டீச்சர் சிரித்துவிட்டார். பாதி முகம்தான் சிரித்தது. அவருக்கு அது போதும்.

வியாழக்கிழமை மூன்றாவது பாடத்தின் நடுவே கண்ணுக்கு மருந்து விட ஆசிரியர் அறைக்குப் போனார். திரும்பும்போது தாழ்வாரத்தின் கோடியிலேயே வகுப்பின் சத்தம் கேட்டது. ஆறடி நடந்திருப்பார், சத்தம் அறுந்து விழுந்ததுபோல் நின்றது. புனிதன்தான் உள்ளே போய்விட்டார் என்று நினைத்துச் சன்னல் வழியாகப் பார்த்தார்.

புனிதன் இல்லை. கரும்பலகை முன்னால் ரூபினி நின்றாள். கொழுந்து பறிக்கும் வீட்டுப் பெண், முன்பல் இரண்டும் விழுந்தவள். வலது கையை இடுப்பில் வைத்து, உடம்பை இடது காலில் சாய்த்து, இரண்டு விரலால் பாவாடையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. வாய் ஒரு மிட்டாயை உருட்டிக்கொண்டிருந்தது. அவள் எதிரே பதின்மூன்று பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அகிலன்கூட.

டீச்சர் உள்ளே வந்தார். ரூபினி மிட்டாயை விழுங்கினாள்.

"என்ன செய்ற?"

"டீச்சர் மாதிரி நடிச்சேன் டீச்சர்."

"நானா? புருவம் எங்க?"

"என்ன புருவம் டீச்சர்?"

"கோவம் வந்தா தூக்குவேன்ல, இந்தப் புருவம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் கெட்ட செய்தி சொல்லும் பொறுப்பை அகிலன் ஏற்றுக்கொண்டான்.

"அது கண்ணாடிக்குள்ள இருக்கு டீச்சர். தெரியாது. கைய இடுப்புல வச்சாத்தான் டீச்சருக்குக் கோவம். இப்ப கையில துணி வச்சிருக்கீங்க. அதான் கோவமே இல்லன்னு நெனச்சோம்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். கறுப்புச் சட்டம், நல்ல அகலம், மாட்டத் தொடங்கிப் பதினோரு வருடம். புருவம் அதற்குப் பின்னால் ஏறினாலும் இறங்கினாலும் கர்த்தருக்குத்தான் தெரியும். அது அங்கே தன்பாட்டுக்கு ராஜ்யம் நடத்திக்கொண்டிருக்க, வேலையெல்லாம் கை பார்த்திருக்கிறது.

ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கைக்குட்டையை இடது கைக்கு மாற்றினார்.

வெள்ளிக்கிழமை புனிதன் ஒரு கோப்போடு வந்து, கடைசி வரிசையில் இருந்த சின்ன நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஒழுங்காகப் போனது. பிறகு அகிலனுக்கும் பக்கத்துப் பெண்ணுக்கும் ஒரு அழிப்பானுக்காகச் சண்டை வந்தது. அவள் கத்தினாள், இவன் எழுந்தான், மூன்று பேர் நியாயம் சொல்லப் போனார்கள். புனிதன் பேனாவைத் திறந்தார்.

டீச்சர் எழுதுவதை நிறுத்தித் திரும்பினார். வலது கை மட்டும் மெதுவாக இடுப்புக்குப் போனது. இரண்டு விரல் சேலையைத் தட்டியது.

அகிலன் உட்கார்ந்தான். நியாயம் சொல்லப் போனவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். அழிப்பான் இரண்டு மேசைக்கும் நடுவில் அனாதையாகக் கிடந்தது. இதற்குள் டீச்சர் மூன்று தடவை கண்ணடித்திருந்தார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பின்வரிசையில் புனிதன் வலி பொறுக்காமல் நீட்டியிருந்த கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மணி அடித்ததும் முன்னால் வந்தார்.

"கிளாஸ் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். மத்தத சாயங்காலம் குரூப்ல போடுறேன்."

சாயங்காலம் கைப்பேசியில் புதிய கால அட்டவணை வந்தது. முதலாம் ஆண்டுக்கு நேராகப் பார்பரா சூசைமுத்து என்று இருந்தது. டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். கீழே தள்ளிப் பார்த்தபோது செவ்வாயும் வியாழனும் சிற்றுண்டிச்சாலைக் கண்காணிப்புக்கு நேராகவும் அதே பெயர் இருந்தது. உடனே புனிதனைக் கூப்பிட்டார்.

"இது என்ன சார், ரெண்டு நாளு கேண்டீன் வேற போட்டிருக்கீங்க?"

"நீங்கதான் நல்லா இருக்கீங்களே டீச்சர்."

மறுத்தால் உடம்பு முடியவில்லை என்று ஆகிவிடும். டீச்சர் சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.