பூட்டக்காவும் நீச்சல் மாஸ்டரும்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகம் என்றால் படியேறிப் போகிற அலுவலகம் இல்லை. இணையத்தில் கூட்டம் நடத்திக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனம். வேலை பார்க்கிறவர்கள் அவரவர் வீட்டில். இவளுக்கு வாய்த்தது படுக்கையறை மூலையில் ஓர் இஸ்திரி மேசை. அதன்மேல் லேப்டாப், காதில் ஹெட்போன், இடுப்புக்கு மேலே கஞ்சி போட்ட சட்டை, கீழே வெளுத்துப்போன பைஜாமா.

கூட்டத்துக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பு. உள்ளே விடுவது, திக்குத் தெரியாமல் முழிப்பவர்களுக்கு வழி சொல்வது, எழுதிக் கேட்பவர்களுக்குப் பதில் போடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மைக்கை அணைக்காமல் வீட்டுச் சண்டையை ஊருக்கே ஒலிபரப்பும் மகானுபாவர்களின் வாய்க்குப் பூட்டுப் போடுவது; அவளுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். ஒரு வீட்டில் மிக்சி ஓடும், இன்னொரு வீட்டில் நாய் குரைக்கும், எவனோ ஒருவன் குறட்டை விடுவான். அதற்குள் அந்த மைக்கை அடைக்க இவள் விரல் போயிருக்கும். 'முதலில் அடை, பிறகு கேள்' என்பது அவளே போட்ட சட்டம்; யார், என்ன என்று விசாரிப்பதெல்லாம் அடைத்த பிறகுதான். முன்பு ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராகக் காலம் தள்ளியவள். எது பேச்சு, எது இரைச்சல் என்பது அவள் காதுக்கு அத்துப்படி. பூட்டக்கா இருக்கிற கூட்டத்தில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார்.

"ஊர் வாயை மூட உலைமூடி ஏதுன்னு சொன்னவன் உன்னைப் பார்த்ததில்லை," என்பான் கணவன்.

"அதான் உங்க வாய்க்கு இன்னும் மூடி கிடைக்கலையே," என்பாள் அவள்.

அந்த வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது. இருக்கட்டும், தப்பில்லை. வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காத ஒருத்திக்கு, ஒரு கூட்டமே தன் விரல் நுனிக்குக் கட்டுப்படுவது சின்ன விஷயமா?

ஒருநாள் ஓர் அம்மா போன் செய்தார். கணவர் நீச்சல் மாஸ்டர். நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். பார்க்க யாரையும் விடுவதில்லை. அவரிடம் நீச்சல் பழகிய பிள்ளைகள் பல தேசங்களில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒன்றுகூடி அவரைத் திரையில் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

"அவரால பேச முடியுமான்னு தெரியலைம்மா," என்றார் அந்த அம்மா. "முடிஞ்சு ஏதாவது சொன்னார்னா அது என் காதுல விழணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா உக்காருங்க," என்றாள் பூட்டக்கா. வாய்ச் சொல்லுக்காகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம். திரை கொள்ளாத முகங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் புண்ணியவதி தன் சொந்தப் போனைக் கட்டிலருகே நிறுத்திவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போனாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் மாஸ்டரின் முகம் பாதிதான் தெரிந்தது. கண் மட்டும் நன்றாக விழித்திருந்தது. தண்ணீரைக் கண்டால் அலறிய ஒருவன் பேசினான்: "தண்ணி உன்னை முழுங்கலைடா, நீதான் தண்ணியை முழுங்கறேன்னு மாஸ்டர் திட்டுவார்." எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரின் கண்ணும் சிரித்தது.

அடுத்துப் பேசிய பெண் பாதியிலேயே அழ ஆரம்பித்தாள். அந்த அழுகைக்கு நடுவே கரகரவென்று ஒரு சத்தம், எதையோ தரையில் இழுப்பதுபோல. ஹெட்போனில் அது பூட்டக்காவின் காதைக் கீறியது. பட்டியலில் ஏதோ ஒரு போன் கம்பெனியின் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. அவள் பார்ப்பது எப்போதும் பெயரைத்தான், முகத்தை அல்ல. அடைத்தாள். 'பிறகு கேள்' என்ற பாதிச் சட்டம் அன்றைக்கு அவளுக்கு மறந்துபோனது. எழுத்துப்பெட்டியில் பூவும் கைதட்டலும் வாழ்த்தும் அடைமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

அந்த மழையில் அந்த அம்மாவும் எழுதினார்: "அவர் பேசறார்." சற்றுப் பொறுத்து, "கேக்கலை." எல்லோருக்கும் அனுப்புவதற்காக, பொத்தானை ஒருமுறை தட்டினால் போகிற ஆயத்தப் பதில் ஒன்று பூட்டக்காவிடம் உண்டு. 'உங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் கவனிக்கப்படும். நன்றி.' பூ அனுப்பியவர்களுக்கும் அதுதான், அந்த அம்மாவுக்கும் அதுதான். இரண்டு முறை போயிற்று.

மறுநாள் காலையில் மாஸ்டர் போய்ச் சேர்ந்தார்.

காரியங்கள் முடிந்தபின் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். "அன்னிக்கு அவர் ஏதோ சொன்னார்மா. பதிவுல இருக்கும்ல? அதை மட்டும் வெட்டித் தருவீங்களா?"

பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் பூட்டக்காவுக்குப் புரிந்தது. முகமூடிக்குள் அந்த உதடுகள் அசைகின்றன. நிற்கின்றன, மூச்சு வாங்குகின்றன, மறுபடி அசைகின்றன. படத்தின் மூலையில், நர்ஸுடைய போன் கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில், சிவப்புக் கோடு போட்ட மைக். அடைத்த மைக்கிலிருந்து பதிவிலும் ஒன்றும் ஏறாது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டாள். அடைப்பதற்கு முன் ஏறியதிலும் கரகரப்பை அமுக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் அழுகைதான் பெரிதாகக் கேட்டது. பாவி நான், பாவி நான் என்று மேசையில் தலையை முட்டிக்கொண்டாள்.

"நெட் பிரச்சனைன்னு சொல்லிடுங்க," என்றார் முதலாளி. "நாமளா போய் ஏன் தலையைக் கொடுக்கணும்?"

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடியே சொன்னாள். 

"அது அவர்னு தெரியலையாம்மா?"

"தெரியலைம்மா. இரைச்சல்னு நினைச்சு அடைச்சிட்டேன்."

"அப்ப உங்க காதுல விழுந்திருக்கு." அந்த அம்மாவின் குரலில் திடீரென்று ஓர் ஆவல். "வேற யாருக்கும் கேக்கலை, நானும் எல்லாரையும் விசாரிச்சுட்டேன். அடைக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கும்ல? என் பேரா? தண்ணி கேட்டாரா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

பூட்டக்கா கண்ணை மூடித் தேடினாள். அழுத பெண் சொன்னது வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. அந்தக் கரகரப்பும் வந்தது, நேற்றுக் கேட்டதுபோல. அதற்குள் ஒரு வார்த்தையும் இல்லை. வார்த்தை இருக்கும் என்று அவள் அப்போது கேட்கவே இல்லையே.

"ஞாபகம் வரலைம்மா."

"அவசரமில்லை. நல்லா யோசிங்க," என்றார் அந்த அம்மா. "நான் லைன்லயே இருக்கேன்."